போட்டோ புடிக்கிற கக்கூஸ்

போன வாரம் அகிலா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்த துப்புரவு ஆய்வாளர் அவள். நல்ல பெண். "மேடம், ஒரு சந்தோஷமான விஷயம்" என்று ஆரம்பித்தாள். ஊரில் உள்ள எல்லாப் பொதுக் கழிப்பறைகளையும் ஒரே தனியார் நிறுவனத்திடம் நீண்ட கால ஒப்பந்தத்தில் ஒப்படைக்கப் போகிறார்களாம். கையெழுத்துப் போடும் நாளில் விழா. ஓய்வு பெற்றவர்களில் யாராவது 'அன்றும் இன்றும்' என்று ஐந்து நிமிடம் பேச வேண்டும். என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள்.

"எந்தக் கம்பெனி?" என்று கேட்டேன்.

"அதே கம்பெனிதான் மேடம். மார்க்கெட் பக்கத்துல நம்ம டாய்லெட் நடத்துறாங்களே, அவங்கதான்."

"எனக்கு அன்னிக்கு வேற வேலை இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டேன். என்றைக்கு விழா என்றுகூட நான் கேட்கவில்லை.

எதிரே பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவர் தலையை நிமிர்த்தாமல், "காலையில மாத்திரை போட்டியா கிரேஸ்?" என்றார். ரத்த அழுத்தத்தால் எனக்குக் கோபம் வருகிறது என்பது அவர் கட்சி. அந்தக் கம்பெனியால் எனக்கு ரத்த அழுத்தம் வந்தது என்பது என் கட்சி. சேலையூரில் இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து எங்களுக்குள் தீராத வழக்குகள் சில உண்டு. அதில் இது ஒன்று.

விழாவில் பேச மாட்டேன். ஆனால் பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ அதை எழுதி வைக்கலாம் அல்லவா? அதைத்தான் எழுதுகிறேன். நான் வேலை பார்த்த ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. தாம்பரத்தைச் சுற்றி, ஏரிக்கரை ஓரமெல்லாம் மனை போட்டு, மனையெல்லாம் வீடாகி, வீடெல்லாம் இடிந்து அடுக்குமாடியான புறநகர்களில் ஒன்று. உங்களுக்குத் தெரிந்த எதை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய தவறு ஒன்றும் நேர்ந்துவிடாது.

துப்புரவு ஆய்வாளர் பயிற்சியில் எனக்குக் குளோரின் கலக்கவும், கொசுப்புழு பார்க்கவும், ஓட்டல் சமையலறையில் மூக்கை நுழைக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். பரீட்சை எழுதினேன், தேறினேன், அவ்வளவுதான். வேலை என்றால் என்ன என்று கற்றுக்கொடுத்தவர் மாணிக்கவேலு சார்.

அவர் எங்கள் நகராட்சியின் சுகாதார அலுவலர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். யாரையும் திட்டமாட்டார். தப்பு செய்தவனைப் பார்த்து, "அப்படியா தம்பி" என்பார். அந்த 'அப்படியா'வுக்கு ஆட்கள் நடுங்குவார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே ஆய்வாளர்களில் நான் ஒருத்திதான் பெண். வந்த முதல் வாரத்தில் என்னைப் பேருந்து நிறுத்தத்துப் பொதுக் கழிப்பறைக்குக் கூட்டிப்போனார். நான் வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். தரை, சுவர், நாற்றம் எல்லாவற்றையும் மனதில் குறித்துக்கொண்டு, "பார்த்துட்டேன் சார்" என்றேன்.

"அப்படியாம்மா" என்றார்.

பிறகு ஆண்கள் பக்கம் அவர் போனார். கடைசி அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. நாங்கள் வெளியே நிற்கிறோம். நானும், மேஸ்திரியும், டீக்கடையிலிருந்து வேடிக்கை பார்க்க வந்த நான்கு பேரும். ஒரு மனிதன் உள்ளே போய்வர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் கழித்துத்தான் அவர் வெளியே வந்தார்.

"பையை மாட்ட ஆணி இல்லை. உட்கார்ந்தா குழாய் கைக்கு எட்டலை. கதவுக்கு அடியில இடைவெளி ஜாஸ்தி, வெளியில நிக்கிறவன் செருப்பு தெரியுது. தாழ்ப்பாள் பாதிதான் விழுது, ஒரு கையால கதவைப் பிடிச்சுக்கணும்" என்று மேஸ்திரியிடம் வரிசையாகச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "வெளியில இருந்து பார்த்தா எல்லாக் கழிப்பறையும் வெறும் கட்டடம்தாம்மா. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டு உட்காரணும். உட்காராம வந்தா அது ஆய்வு இல்லை. பெண்கள் பக்கம் நான் போக முடியாது. இத்தனை வருஷமா அந்தப் பக்கத்தை யாருமே ஆய்வு செய்யலை. நீங்க போங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பட்டம் வாங்கி, அரசு வேலை கிடைத்து, சர்ச்சில் எல்லோரும் வாழ்த்தி அனுப்பியது இதற்குத்தானா என்று நினைத்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். பெண்கள் பக்கத்தில் தாழ்ப்பாளே இல்லை. ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவள் அந்தக் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும். கையில் குழந்தையோ பையோ இருந்தால் வேறு வழி கிடையாது. அந்தக் கயிற்றில் எத்தனையோ பெண்களின் பல் தடம். அன்றிலிருந்து பணியின் கடைசி நாள் வரை, எந்தக் கழிப்பறையையும் நான் தாழ்ப்பாள் போடாமல் ஆய்வு செய்ததில்லை.

அந்தக் காலத்தை நான் தூக்கிப் பிடிக்கவில்லை. எங்கள் கையில் இருந்த கழிப்பறைகள் நாறித்தான் கிடந்தன. சார் எழுதிய குறிப்புக்கு ஆணி வரும், தாழ்ப்பாள் வரும், தண்ணீர் வராது. தண்ணீர் வந்தால் விளக்கு இருக்காது. ஆள் போடுங்கள் என்று கேட்டால் நிதி இல்லை என்பார்கள். ஊரோ நாளுக்கு நாள் வீங்கிக்கொண்டே போனது. எனவே, பொது தனியார் கூட்டு என்று ஒரு திட்டம் வந்தபோது நான் கொடி பிடித்து எதிர்க்கவில்லை. செய்கிறவன் யாராக இருந்தால் என்ன, பெண்கள் நிம்மதியாகப் போய்வந்தால் சரி என்றுதான் நினைத்தேன். மாணிக்கவேலு சார் அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு, 'அப்படியா' என்றிருப்பார்.

ஒப்பந்தம் இதுதான். நிலம் நம்முடையது. கட்டடத்தைக் கம்பெனி கட்டும், கம்பெனியே பராமரிக்கும். உபயோகிக்கிறவர்களிடம் காசு வாங்கக்கூடாது. நகராட்சி மாதாமாதம் கம்பெனிக்குக் கொடுத்துவிடும். சுத்தமாக வைத்திருக்கிறார்களா என்று பார்க்க ஆய்வாளர் தேவையில்லை. கம்பெனியின் ஊழியரே மணிக்கொரு முறை ஒவ்வொரு அறையையும் செல்போனில் படம் எடுத்து ஒரு செயலியில் ஏற்ற வேண்டும். தரை காய்ந்து பளபளவென்று இருந்தால் பச்சை. ஈரமோ அழுக்கோ தெரிந்தால் சிவப்பு. சிவப்பு வந்தால் பணத்தில் பிடித்தம்.

மார்க்கெட்டுக்கு எதிரே பேருந்து நிறுத்தத்தை ஒட்டி முதல் கழிப்பறை எழும்பியது. சும்மா சொல்லக்கூடாது, அழகான கட்டடம். வெள்ளை டைல்ஸ், சக்கர நாற்காலிக்குச் சாய்வுப் பாதை, முன்சுவரில் பட்டாம்பூச்சிகளோடு சிரிக்கிற ஒரு பெண்ணின் ஓவியம். திறந்த அன்று பெண்கள் பக்கத்தில் நான்கு அறைகளிலும் தாழ்ப்பாள் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். ஆணி இருந்தது, குழாய் எட்டியது, தாழ்ப்பாள் முழுசாக விழுந்தது. சாருக்கு மனதுக்குள் ஒரு வணக்கம் போட்டுவிட்டு வந்தேன். அதன் பிறகு, 'இனி ஆய்வு செயலி வழியாக மட்டும்' என்று உத்தரவு வந்தது. என்னை டெங்கு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்த மார்க்கெட்டில் கன்னியம்மா பழம் விற்பாள். கொய்யா, சப்போட்டா, சீசனில் நாவல். எனக்கு வாடிக்கை. விடியும் முன்னால் கூடையோடு வந்து உட்கார்ந்தால் பொழுது சாய்ந்துதான் எழுந்திருப்பாள். நாக்கு நீளம். "இன்னா மேடம், கொசுவுக்குக் கல்யாணம் பண்ணி வச்சுட்டு வரியா?" என்று கேட்டுத்தான் பழம் நிறுப்பாள். ஒரு கோடை நாளில் அவள் இடம் காலியாக இருந்தது. பக்கத்துக் கடை ராணி, கன்னியம்மா மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடப்பதாகச் சொன்னாள்.

போய்ப் பார்த்தேன். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. சிறுநீரில் கிருமி, அது சிறுநீரகம் வரை ஏறிவிட்டது என்றார் டாக்டர். "இந்த அம்மா தண்ணியே குடிக்கிறதில்லை. வர்றதையும் அடக்கிக்கிட்டே இருந்திருக்காங்க. இப்படியே போனா கிட்னி போயிடும்" என்று அவள் காதுபடச் சொன்னார்.

"ஏன் கன்னியம்மா, தண்ணி குடிச்சா என்ன?" என்று நான் கடிந்துகொண்டேன்.

"சுலுவா சொல்லிகினு கீற மேடம். குடிச்சா போணுமே. எங்க போறது?"

"எதிர்லயே புதுசா கட்டி வச்சிருக்காங்களே."

அவள் என்னை ஏதோ விவரம் கெட்டவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "அதுவா? அது போட்டோ புடிக்கிற கக்கூஸ் மேடம். நம்ம போற கக்கூஸ் இல்ல."

எனக்குப் புரியவில்லை. மறுநாள் காலை அடையாள அட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பேருந்துக்குக் காத்திருக்கிற பெண்போல அங்கே போனேன். பெண்கள் பக்கம் நான்கு கதவுகள். மூன்றில் வெளியே பூட்டுத் தொங்கியது. நான்காவதற்கு முன்னால் வரிசை. ஆபீசுக்குப் போகிற பெண்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பஸ் வந்தால் பாதியிலேயே ஓடினார்கள். மார்க்கெட் பெண் ஒருத்திகூட அந்த வரிசையில் இல்லை. கடையை விட்டுவிட்டு அவ்வளவு நேரம் நிற்க அவர்களால் எப்படி முடியும்? நான் வரிசையில் நின்று, முறை வந்ததும் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன். ஆணியைக் காணோம், பக்கெட்டைக் காணோம். பக்கெட் இருந்தால் தண்ணீர் சிந்தும் என்று எடுத்துவிட்டார்கள்.

வெளியே வந்தபோது, கம்பெனி ஊழியர் சாந்தி சாவிக்கொத்தோடு வந்தாள். பூட்டிய முதல் கதவைத் திறந்தாள், படம் எடுத்தாள், பூட்டினாள். இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. நான்காவதில் ஆள் இருந்ததால், மூன்றாவது அறையையே வேறு கோணத்தில் இன்னொரு படம் எடுத்துக்கொண்டாள். நான் அட்டையை எடுத்துக் காட்டினேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"எதுக்கும்மா பூட்டி வச்சிருக்கே?"

"நான் இன்னா மேடம் பண்றது? யாராச்சும் போய்ட்டு வந்தா தரை ஈரமாவுது. ஈரம் தெரிஞ்சா செவப்பு காட்டுது. செவப்பு வந்தா சூப்பர்வைசர் போன்லயே கத்துறாரு, சம்பளத்துல புடிச்சுர்றாரு. இத்தினி பொம்பளைங்களுக்குப் பின்னாடி நான் ஒருத்தி எப்டி தொடைச்சுகினே இருப்பேன்? பூட்டு கம்பெனி குடுத்ததுதான்." பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கும் கஷ்டமாத்தான் கீது மேடம். எனக்குன்னா சாவி கீது, தொறந்து போய்ட்டு வந்துருவேன். அதுங்க பாவம்" என்றாள்.

அந்த இடத்தில் நின்றபடியே எனக்கு முழுக்கணக்கும் விளங்கியது. பெண்கள் உள்ளே போகப் போகக் கம்பெனிக்கு நஷ்டம். ஒருத்தியும் போகாவிட்டால் முழுப் பணம். திருட்டு ஒன்றும் இல்லை, லஞ்சம் ஒன்றும் இல்லை. ஒப்பந்தம் எழுதியவர்கள் எதற்குப் பணம் தருவோம் என்று எழுதினார்களோ, அதைத்தான் கம்பெனி செய்தது. காய்ந்த தரைக்குப் பணம் என்று எழுதினார்கள், காய்ந்த தரை கிடைத்தது. பெண்கள் போய்வருவதற்கு என்று ஒரு வரிகூட அதில் எழுதத் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? எழுதியவர்கள் எல்லோருக்கும் அவரவர் அறையை ஒட்டியே கழிப்பறை இருக்கிறது. தேவைப்பட்டால் எழுந்து நான்கு எட்டு வைத்தால் போதும். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஊர் வளர்கிறது, முதலீடு வருகிறது, உலகத் தரம் என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். அந்த ஊருக்குப் பழமும் பூவும் கீரையும் கொண்டுவந்து கொட்டுகிற பெண்களுக்குச் சிறுநீர் கழிக்க இடம் தரத் துப்பில்லை. இடம் இல்லாமல் போயிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். இடத்தைக் கட்டி, டைல்ஸ் ஒட்டி, பட்டாம்பூச்சி வரைந்து, பூட்டி வைத்தோம்.

நகராட்சி ஆணையரிடம் போனேன். கெட்டவர் இல்லை. களைத்துப்போன மனிதர். மழைத்தண்ணீர், குப்பை, வரி, வழக்கு என்று ஊரின் எல்லாத் தலைவலியும் அவர் மேஜையில் கிடந்தது. கம்பெனியின் திட்ட மேலாளர் பிரவீனையும் வரச்சொன்னார். இஸ்திரி கலையாத சட்டை, மரியாதையான பேச்சு. அந்தப் பையன் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினான். திரை முழுக்கப் பச்சைக் கட்டங்கள்.

"நாலு சீட் மேடம், நாலும் கிரீன். நீங்க எமோஷனலா பார்க்கறீங்க" என்றான்.

"மூணு கதவுல பூட்டு தொங்குது தம்பி. நான் கண்ணால பார்த்தேன்."

"பூட்டு, தாழ்ப்பாள் எல்லாம் பாராமீட்டர்ல வராது மேடம். க்ளீன்லினஸ்தான் வரும்."

"தாழ்ப்பாள் வராத கழிப்பறைக் கணக்கை நான் இப்பத்தான் முதல் தடவையா கேள்விப்படறேன்" என்றேன். ஆணையர் பக்கம் திரும்பினேன். "சார், யாருமே போகாத கழிப்பறைக்கு முழுப் பணம் தர்றோம். எல்லாரும் போனா அபராதம் போடறோம். இது கழிப்பறையா, பொருட்காட்சியா? இதனால ஒரு அம்மா கிட்னி கெட்டு ஆஸ்பத்திரியில கிடக்கிறாங்க."

ஆணையர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நீங்க சொல்ற பாயின்ட் சரிதான்மா. அடுத்த ஒப்பந்தத்துல சேர்த்துப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை சென்னையில இருந்து மதிப்பீட்டுக் குழு வருது. நல்ல மார்க் வந்தா நமக்கு விருது. அதுவரைக்கும் எதையும் கிளறாதீங்க."

நான் கிளறவில்லை. கிளறியது கம்பெனிதான். குழு வருகிற அன்று பூட்டு தெரியக்கூடாது என்று, வெள்ளிக்கிழமை காலை நான்கு கதவுகளையும் அவர்களே திறந்து வைத்தார்கள். ஊதுவத்தி ஏற்றினார்கள். பக்கெட்டும் மக்கும் புதிதாக வந்தன. சாந்திக்குப் புதுச் சீருடை. வாசலில் பிரவீன் பூங்கொத்தோடு நின்றான். குழுவை வரவேற்க நானும் நிற்க வேண்டும் என்று உத்தரவு, நின்றேன்.

கன்னியம்மா அதற்கு இரண்டு நாள் முன்புதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கடை விரித்திருந்தாள். அவள்தான் முதலில் பார்த்தாள். கூடைக்குப் பின்னாலிருந்து எழுந்து, கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்துவிட்டு, மார்க்கெட் முழுக்கக் கேட்கக் குரல் கொடுத்தாள்.

"ஏய் ராணி! நாலு கதவும் தொறந்து கீதுடி!"

அவ்வளவுதான். ராணி வந்தாள், கீரைக்காரம்மா வந்தாள், மீன் வெட்டுகிற பெண்கள் கை கழுவிக்கொண்டு வந்தார்கள், எதிர்ச் சாரியில் துணிக்கடையில் நாளெல்லாம் நின்றே வேலை பார்க்கும் பெண்கள் முதலாளியிடம் சொல்லிவிட்டும் சொல்லாமலும் வந்தார்கள். செய்தி எப்படித்தான் பரவியதோ, பேருந்திலிருந்து இறங்கியவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நான்கு தாழ்ப்பாளும் விழுகிற சத்தம், திறக்கிற சத்தம், தண்ணீர் கொட்டுகிற சத்தம். வரிசையில் சிரிப்பும் பேச்சும். அப்படி ஒரு சத்தத்தை அந்தக் கட்டடம் திறந்த நாளிலிருந்து கேட்டதில்லை.

பிரவீன் பதறிப்போய்க் குறுக்கே வந்தான். "அம்மா, ப்ளீஸ், ஒரு அரை மணி நேரம் பொறுத்துக்கங்க. குழு பார்த்துட்டுப் போயிடட்டும்."

கன்னியம்மா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "நீ பொறுத்துக்கோ தம்பி. நான் மாசக்கணக்கா பொறுத்துகினு கீறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

குழு வந்தபோது தரை முழுக்கத் தண்ணீர். செருப்புத் தடம். மக்கு ஒன்று கவிழ்ந்து கிடந்தது. சாந்தி மாப்பைத் தூக்கிக்கொண்டு ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு ஓடினாள். குழுவில் இருந்த பெண் அதிகாரி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். கையிலிருந்த பலகைக் கணினியில் விரலால் தொட்டார். சிவப்பு. மறுபடி தொட்டார். சிவப்பு.

"மேடம், இது இன்னிக்குத்தான் கழிப்பறையா இருக்கு" என்றேன். "மத்த நாள்ல மூணு கதவைப் பூட்டி வச்சுப் படம் எடுக்கறாங்க. இந்த வரிசையைப் பாருங்க. இவங்க போறதுக்காகத்தானே கட்டினது?"

அவர் என்னை இரக்கத்தோடுதான் பார்த்தார். "புரியுது மேடம். ஆனா ஆப்ல அதுக்கு ஆப்ஷன் இல்லையே" என்றார். பிறகு என் பக்கம் குனிந்து, "ஜி.எஸ்.டி. ரோட்டுல ஒரே டிராஃபிக். உங்க ஆபீஸ்ல நல்ல ரெஸ்ட் ரூம் இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டார்.

கழிப்பறை வாசலில் நின்றுகொண்டுதான் கேட்டார். நான் அலுவலகத்துக்கு வழி காட்டினேன். வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

குழுவின் அறிக்கை வந்தது. பராமரிப்பில் குறைபாடு என்றும், பயனாளிகளுக்கு விழிப்புணர்வு தேவை என்றும் எழுதியிருந்தார்கள். அந்த வரியை நான் ஆணையர் அறையில் நின்று படித்தேன். கன்னியம்மாவுக்கு விழிப்புணர்வு தேவையாம். எதைப் பற்றி? எப்படி அடக்கிக்கொள்வது என்பதைப் பற்றியா? அதில் அவள் டாக்டரே பயப்படும் அளவுக்குத் தேறியவள். திறந்த நாளிலிருந்து அந்தக் கட்டடம் தன் வேலையைச் செய்தது அந்த ஒரு வெள்ளிக்கிழமைதான். அன்றைக்குத்தான் அதற்கு ஃபெயில் மார்க் போட்டார்கள்.

கம்பெனி விளக்கம் கொடுத்தது. பராமரிப்பாளரின் கவனக்குறைவாம். சாந்தியை அன்று மாலையே நிறுத்திவிட்டார்கள். மறுநாள் மூன்று கதவுகளிலும் பூட்டு. எனக்கு இருந்த அதிகாரத்தில், பூட்டுகளை அகற்றும்படி கம்பெனிக்கு அறிவிப்பு அனுப்பினேன். அது பரிசீலனையில் இருந்தது. நான் நினைவூட்டினேன். அப்போதும் பரிசீலனையில் இருந்தது. அப்படியே நான் ஓய்வு பெறும் நாளும் வந்தது. சால்வை போர்த்தினார்கள். களப்பணியில் நேர்மையானவர் என்று ஆணையர் பேசினார். எல்லோரும் சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டோம். படம் எடுப்பதில் மட்டும் நாங்கள் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை.

இவ்வளவும் எழுதி முடித்துவிட்டால் கோபம் தணிந்துவிடும் என்று நினைத்தேன். தணியவில்லை. நேற்று காலை கொய்யா வாங்கலாம் என்று பஸ் பிடித்து அந்த மார்க்கெட்டுக்குப் போனேன். கன்னியம்மா மெலிந்திருந்தாள், நாக்கு மட்டும் இளைக்கவில்லை. "ரிட்டேர்டு ஆனப்புறம் வெலை பேசக் கத்துகினியா மேடம்?" என்றாள். அவளுக்குப் பக்கத்தில் முழம் போட்டுப் பூ விற்றுக்கொண்டிருந்தவள் தலை நிமிர்ந்து சிரித்தாள். சாந்தி. நிறுத்தப்பட்ட பிறகு எங்கெங்கோ வேலை கேட்டு, கிடைக்காமல், கடைசியில் கன்னியம்மாதான் தன் பக்கத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்தாளாம்.

வெயில் ஏறிவிட்டிருந்தது. சாந்தியின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. பூக்கூடையை ஒட்டி ஒரு தண்ணீர் பாட்டில், வீட்டிலிருந்து கொண்டுவந்தது. கழுத்து வரை அப்படியே நிரம்பியிருந்தது.

"ஏம்மா, தண்ணி குடிக்கலையா?" என்றேன்.

சாந்தி எதிரே பார்த்தாள். சுவரில் பட்டாம்பூச்சிகளோடு அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சாவி இப்ப வேற ஆள் கைல கீது மேடம்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அகிலாவுக்குப் போன் போட்டேன். விழா என்றைக்கு என்று கேட்டேன். வருகிறேன் என்று சொன்னேன்.